மாற்றுப் பொறுப்பாளர்

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். என் கையெழுத்தைப் பார்த்ததும் பதறிவிடாதே, இங்கே யாருக்கும் ஒன்றுமில்லை. உன் அத்தானுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, பள்ளிக்கூட பஸ்ஸை ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறார். சின்னவள் ஏழாம் வகுப்பு. நான் வழக்கம்போல முன்னறையில் உட்கார்ந்து ஊரார் பைகளுக்கு ஜிப் மாற்றிக்கொண்டிருக்கிறேன். உன் உடம்பு எப்படி இருக்கிறது, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று எழுது.

பெரியவன் போய்ப் பதினோரு மாதம். நீ மாடி அறையைக் காலி செய்துவிட்டுப் போய்ப் பத்து மாதம். நடுவில் நான் ஒரு வரி எழுதவில்லை. நீ அத்தானோடு போனில் பேசுவது எனக்குத் தெரியும். எனக்குப் போன் ஒத்துக்கொள்வதில்லை. கடைக்கு வருகிற போனைக்கூடச் சின்னவள்தான் எடுக்கிறாள்.

இப்போது எழுதக் காரணம் ஒரு நாய். சிரிக்காதே. நாய்க் காப்பகத்திலிருந்து ஒரு குட்டியை எடுக்கப்போகிறோம். அப்பாவும் மகளும் சேர்ந்து முடிவுசெய்துவிட்டு, எனக்குத் தகவல் சொன்னார்கள். காப்பகத்து மேடம் சட்டையைப் பிடித்துக் கேட்காத குறை. வீட்டுக்கே வந்து கேட்டைப் பார்த்தார், பாத்ரூம் கதவைக்கூட விடவில்லை. பிறகு ஒரு படிவம் கொடுத்தார். அதில், ‘உங்களால் பார்த்துக்கொள்ள முடியாமல் போனால் யார்?’ என்று ஒரு கட்டம். மாற்றுப் பொறுப்பாளராம். உன் அத்தான் என்னைக் கேட்காமல் உன் பெயரை எழுதிவிட்டார்.

பேனாவால் போட்ட கையெழுத்துதான் வேண்டுமாம். இப்போது ஒரு தரம், மூன்று மாதம் கழித்து ஒரு தரம். மூன்று மாதம் சோதனைக் காலம். பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம். பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பு. வேறு ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
அக்கா

பிப்ரவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

கையெழுத்துப் போட்டுவிட்டேன். நடுவில் கோடு விட்டுவிட்டு விழுந்திருந்தால் அது என் குற்றமில்லை, குளிர்கிடங்கிலேயே வைத்துப் போட்டேன், மை உறைந்துவிட்டது. இங்கே உள்ளே மைனஸ் இருபது. தூக்கு வண்டியில் மீன் பெட்டிகளை ஏற்றி இறக்குவதுதான் நாள் முழுக்க வேலை. வெளியே வந்தால் வியர்க்கிறது, உள்ளே போனால் மீசை விறைக்கிறது. மற்றபடி நன்றாக இருக்கிறேன். ஒரு அறையில் நான்கு பேர். சமையல் முறை வைத்து. என் முறை வருகிற அன்று மற்ற மூவரும் வெளியே சாப்பிடுகிறார்கள்.

உன் கடிதத்தை எத்தனை தரம் படித்தேன் என்று சொன்னால் கேலி செய்வாய். அதனால் சொல்லவில்லை.

குட்டி எப்படி இருக்கிறது? என்ன நிறம்? பொறுப்பாளருக்கு இதெல்லாம் தெரிய வேண்டாமா? எழுது அக்கா. கோபமாகவாவது எழுது.

அத்தானை முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல். சின்னவளுக்கு என் அன்பு.

உன் தம்பி

பிப்ரவரி 27

அன்புள்ள தம்பிக்கு,

குட்டி வந்து ஒரு வாரமாகிறது. வீடு கட்டுகிற இடத்தில் ஒரு குழாய்க்குள் கிடந்ததாம். என்ன சாதி என்று மேடத்தைக் கேட்டேன். "எல்லாம் கலந்ததுதாம்மா, எங்களுக்கே தெரியல" என்றார். என் கடையில் மிச்சம் விழுகிற துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைத்த மாதிரி இருக்கிறது. ஒரு காது நிற்கிறது, ஒன்று தொங்குகிறது. உடம்பு நீளம், கால் குட்டை. நெற்றியில் வட்டமாக ஒரு கறுப்பு. சின்னவள் ‘பட்டன்’ என்று பெயர் வைத்துவிட்டாள்.

முதல் நாள் பூராவும் பீரோவுக்கு அடியில். இரண்டாம் நாள் அத்தானின் ஒரு செருப்பைத் தின்றது. "ஒன்ன மட்டும் விட்டு வெச்சிருக்கு பாரு, மனசாட்சி உள்ள நாய்" என்கிறார். அவர் சிரித்து நான் பார்த்து ஒரு வருஷம் ஆகிறது.

நான்தான் ஒட்டாமல் இருக்கிறேன். எனக்கு எதுவும் வேண்டாம் என்று இருந்தேன். ஆனால் அது என் தையல் மிஷின் காலடியிலேயே வந்து படுக்கிறது. அங்கே பெரியவனுடைய காலேஜ் பை கிடக்கிறது, ஜிப் போன பை. "அம்மா, ஊருக்கெல்லாம் தைக்கிற, எனக்கு மட்டும் நேரமில்லையா" என்று கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்தான். அதை எடுத்து வைக்கவும் மனம் வரவில்லை, தைக்கவும் வரவில்லை. இப்போது நாய் அதன்மேல் தூங்குகிறது. விரட்டினேன். மறுபடியும் வந்து படுத்தது. விட்டுவிட்டேன்.

அடுத்த மாதம் பதினேழாம் தேதி, அவன் போன நாள், வருகிறது. அத்தான் அவன் போட்டோ ஒன்றைப் பெரிதாக்க வேண்டும் என்கிறார். நல்லதாக ஒன்றுகூட இல்லை. எல்லாம் அவன் போனில்தான் இருந்தது. அந்தப் போன் விபத்து நடந்த இடத்திலேயே தொலைந்துவிட்டது என்றார்கள். அது கிடைத்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள். குளிரில் காதை மூடிக்கொள்.

அக்கா

மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

காதை மூடிக்கொண்டுதான் இருக்கிறேன். நலமாக இருக்கிறேன். பட்டனுக்கு ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன்: கிழிந்துபோன என் குளிர் கோட்டின் உள்பக்கம். அதை மடித்துப் போட்டால் நன்றாகத் தூங்கும். மீன் வாடை வரும். அதற்கு அது புகார் செய்யாது, நீதான் செய்வாய்.

பதினேழாம் தேதி எனக்கு வேலை இருக்கிறது. கேட்டு வாங்கிக்கொண்டேன். அன்றைக்குச் சும்மா உட்கார்ந்திருக்க என்னால் முடியாது.

ஒன்று சொல்ல வேண்டும். ஒரு வருஷமாகத் தொண்டையில் நிற்கிறது. ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லார் முன்னாலும் நீ என்னைப் பார்த்துச் சொன்னாயே, "உன் வண்டிதான்டா என் பிள்ளையக் கொன்னுச்சு" என்று. நீ சொன்னது சரி. மாப்பிள்ளை கேட்டான் என்று பைக்கைத் தூக்கிக் கொடுத்தவன் நான்தான். "பத்தொன்பது வயசுக்கு இது வேணாம்டா" என்று நீ எத்தனை தரம் சொன்னாய். என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. நீ சொன்னது சரி என்று மட்டும் எழுதுகிறேன்.

உன் தம்பி

மார்ச் 30

தம்பிக்கு,

எல்லோரும் சுகம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நினைக்கிறேன்.

வண்டியைப் பற்றி இனிமேல் எழுதாதே.

கோட்டுத் துணி வந்தது. பட்டன் அதைக் கொண்டுபோய்ப் பெரியவன் பை மேலேயே போட்டுப் படுக்கிறது. சின்னவள் பிஸ்கட்டை உடைத்துக் காட்டி ‘வா’ சொல்லிக்கொடுத்திருக்கிறாள். மேடம் முதலில் ‘நில்’ கற்றுக்கொடுக்கச் சொன்னாராம். "அது போர்மா, ஒண்ணுமே நடக்காது" என்று இவள் அதை விட்டுவிட்டாள். ‘வா’ மட்டும் பிரமாதம். எந்த மூலையில் இருந்தாலும், கூப்பிட்ட குரலுக்கு அடித்துப் பிடித்து ஓடிவருகிறது. நானும் கூப்பிட்டுப் பார்த்தேன். பால் காயும்போது, கடை மூடும்போது, சும்மாகூட. ஒரு உயிர் நாம் கூப்பிட்டதும் வந்து நிற்கிறது.

கை வலிக்கிறது, நிறுத்துகிறேன்.

அக்கா

ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

வண்டியைப் பற்றி எழுதவில்லை. சரியா?

நான் சுகம். சளி பிடித்து விட்டுவிட்டது. மே கடைசியில் பத்து நாள் லீவு தருவார்கள் போலிருக்கிறது. வரலாமா? மாடி அறையில் தங்குகிறேன், கண்ணிலேயே படமாட்டேன். சோதனைக் காலம் முடிந்து இரண்டாவது கையெழுத்து வேறு இருக்கிறது, அதை நேரிலேயே போட்டுவிடுவேன். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று எழுது, எனக்கு வருத்தமில்லை. பொய். வருத்தம்தான். ஆனாலும் எழுது.

உன் தம்பி

ஏப்ரல் 22

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் நலமா? நான் நலம். அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். விலாசம் அப்பா கொடுத்தார்.

போன செவ்வாய்க்கிழமை அம்மா நூல் வாங்க எதிர்க்கடைக்குப் போனாங்க. பட்டன் நம்ம கடை வாசலில் உட்கார்ந்திருந்தது. வாங்கிட்டுத் திரும்பினப்ப அம்மா அந்தப் பக்கத்திலிருந்தே, "பட்டன், வா"ன்னு கூப்பிட்டுட்டாங்க. தினமும் கூப்பிடுற பழக்கம். அது நேரா ரோட்டில் ஓடிடுச்சு. ஒரு வேன் பிரேக் போட்டுச்சு பாருங்க, தெருவே எட்டிப் பார்த்துச்சு. பட்டனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அம்மா காலடியில் போய் உட்கார்ந்து பிஸ்கட்டுக்கு வாலை ஆட்டுது.

அம்மா அப்படியே ரோட்டோரமா உட்கார்ந்துட்டாங்க. நூல்கண்டெல்லாம் உருண்டுபோச்சு. நான்தான் கையைப் பிடிச்சு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன். அதுக்கப்புறம் அம்மா பட்டனைக் கூப்பிடுறதே இல்லை. அது பக்கத்தில் வந்தா எழுந்து உள்ளே போயிடுறாங்க. காப்பகத்துக்கே திருப்பிக் கொடுத்துடலாம்னு சொல்றாங்க. நான் ‘நில்’ சொல்லிக்கொடுக்காததுதான் தப்பு. என் தப்புக்குப் பட்டன் ஏன் போகணும்?

மாமா, நீங்களும் பொறுப்பாளர்தானே? திருப்பிக் கொடுக்கிற படிவம் வந்தா அதில் கையெழுத்துப் போடாதீங்க.

இப்படிக்கு,
உங்கள் சின்னவள்

ஏப்ரல் 25

அன்புள்ள தம்பிக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். இதை உட்கார்ந்து படி.

திருப்பிக் கொடுக்கிற படிவம் இதனுள் இருக்கிறது. உன் கையெழுத்து வேண்டும். காப்பகத்துக்குப் போகட்டும், இல்லாவிட்டால் உனக்கு விருப்பமிருந்தால் நீ வைத்துக்கொள், விதிப்படி முதல் உரிமை உனக்குத்தான். என்னிடம் அது இருக்க வேண்டாம். நான் கூப்பிட்டால் அது வந்துவிடுகிறது, தம்பி. என்ன குறுக்கே வருகிறது என்று பார்க்காமல் வந்துவிடுகிறது.

உன்னிடம் சொல்லாதது ஒன்று இருக்கிறது. அத்தானிடமும் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் ஒரு ஆள் பெரிய பெட்டியோடு கடையில் உட்கார்ந்திருந்தார். விடிந்தால் விமானம், ஜிப்பை இழுத்து மூடுகிற ரன்னர் உடைந்துவிட்டது. என்னிடம் அந்த அளவு ரன்னர் இல்லை. பெரியவனை மார்க்கெட்டுக்கு அனுப்பினேன். பதினைந்து நிமிஷ வேலை, அரைமணி ஆகியும் ஆளைக் காணோம். அந்த ஆள் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு மானம் போகிற மாதிரி இருந்தது. போன் பண்ணினேன். எடுத்தான். காற்றுச் சத்தம் கேட்டது, வண்டியில் இருக்கிறான் என்று தெரிந்தது. தெரிந்தும் பேசினேன். "எங்கடா சுத்திட்டிருக்க? ஆள் உக்காந்திருக்கார்டா, சீக்கிரம் வா" என்று கத்தினேன். "வந்துட்டேம்மா" என்றான்.

அவ்வளவுதான். அதன் பிறகு அவன் குரலை நான் கேட்கவில்லை. ரன்னர் வாங்கினானா, இல்லையா என்றுகூட எனக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியில் எல்லோரும், "எப்படி ஆச்சு, எப்படி ஆச்சு" என்று கேட்டார்கள். நீ எதிரே நின்றிருந்தாய். என் வாய் உன் வண்டியைச் சொன்னது. சொன்ன நிமிஷமே பொய் என்று தெரியும். நீ மறுத்துப் பேசுவாய் என்று பார்த்தேன். நீ தலையைக் குனிந்துகொண்டாய். அதுவே எனக்கு வசதியாகிப் போயிற்று. ஒரு வருஷம் உன்னை அந்தக் குளிரில் நிற்கவைத்துவிட்டு, நான் இங்கே ஜிப் தைத்துக்கொண்டிருந்தேன். ‘மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை’ என்று நீ எழுதியதைப் படித்த அன்று அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். அப்போதும் எழுதவில்லை.

நீ வா, வராதே, எதையும் நான் சொல்ல முடியாது. படிவத்தை மட்டும் அனுப்பு.

அக்கா

மே 10

மாமா,

ஏன் பதில் போடலை? அம்மா தினமும் பதினொரு மணிக்குத் தபால்காரருக்காக வாசலில் நிக்கிறாங்க. அவர் தலையை ஆட்டிட்டுப் போயிடுறார். இருபதாம் தேதியோட மூணு மாசம் முடியுது. பட்டன் நல்லா இருக்கு. அம்மாதான் சரியில்லை, சாப்பிட உட்கார்ந்தா பாதியிலேயே எழுந்துடுறாங்க. நீங்க நலமா?

சின்னவள்

மே 13

அன்புள்ள அக்காவுக்கு,

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. இரண்டு வாரமாக எழுதி எழுதிக் கிழித்தேன். அறையில் இருப்பவர்கள், "யாரு அந்தப் பொண்ணு?" என்று கிண்டல் செய்கிறார்கள். அக்கா என்றேன், நம்பவில்லை.

எனக்குத் தெரியும், அக்கா.

ஆஸ்பத்திரியில் நீயும் அத்தானும் வருவதற்கு முன்னால் நர்ஸ் ஒரு கவரை என் கையில் கொடுத்தார். வாட்ச், வண்டிச் சாவி, போன், ஒரு சின்னக் காகிதப் பொட்டலம். போன் கண்ணாடி நொறுங்கியிருந்தது, ஆனால் எரிந்துகொண்டிருந்தது. கடைசி அழைப்பு ‘அம்மா’. பத்தொன்பது விநாடி. அழைப்பு வந்த மணியும் இருந்தது, விபத்து நடந்த அதே நேரம். படித்த உடனே புரிந்துவிட்டது. நீங்கள் படியேறி வருகிற சத்தம் கேட்டது. போனையும் பொட்டலத்தையும் என் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். ‘தொலைந்துவிட்டது’ என்று சொன்னதே நான்தான். நீ என்னைப் பார்த்து அப்படிக் கத்தியபோது அது என் பாக்கெட்டில் இருந்தது.

பெரிய தியாகி என்று நினைத்துவிடாதே. அந்த வண்டியின் முன் பிரேக்கில் ஒரு வாரமாகச் சத்தம். "மாமா, என்னமோ கீச்சுங்குது, பாரேன்" என்றான். "ஞாயித்துக்கிழம பாக்கலாம்டா மாப்ள" என்றேன். ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. உன் போனா, என் பிரேக்கா, குறுக்கே திரும்பிய லாரியா, அது யாருக்கும் தெரியாது. இனித் தெரியப்போவதும் இல்லை. இரண்டு பேரும் சுமப்பதற்குப் பதில் ஒருத்தர் சுமந்தால் போதும் என்று நினைத்தேன். நீ தனியாக அதையே சுமந்துகொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. உனக்கு என்மேல் கோபம், அதனால்தான் பேசவில்லை என்று நம்பினேன். முட்டாள்.

போனை இங்கே ஒரு கடையில் சரிசெய்யக் கொடுத்தேன். போட்டோக்கள் இருக்கின்றன. நேரில் கொண்டுவருகிறேன்.

பொட்டலத்தை இதோடு அனுப்புகிறேன். ரன்னர் வாங்கியிருந்தான், அக்கா.

படிவத்தில் கையெழுத்துப் போடவில்லை. பொறுப்பாளர் ஒத்துக்கொள்ளவில்லை என்று மேடத்திடம் சொல்லிவிடு.

உன் தம்பி

மே 19

அன்புள்ள தம்பிக்கு,

உன் பார்சல் நேற்று வந்தது. உடம்பு எப்படி, சுகமா என்று கேட்டு எழுத வேண்டும். கேட்டதாக வைத்துக்கொள்.

பொட்டலத்தைப் பிரிக்கவே மத்தியானம் வரை ஆயிற்று. கடைக்கும் சேர்த்து ஆறு கேட்டேன், ஏழு இருக்கிறது. கடைக்காரரிடம் பேசிப் பேசி எப்போதும் ஒன்று கூடுதலாக வாங்கிவிடுவான். அதனால்தான் அவனுக்கு நேரமாகும், எனக்கு அது தெரியும்தானே.

அத்தானிடம் சொன்னேன், முழுவதையும். அவர் எழுந்தார், பட்டனைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு வெளியே போனார். இரண்டு மணி நேரம். வலிக்கிற முட்டியோடு எங்கே சுற்றினாரோ தெரியாது. என்னை விட்டுப் போய்விட்டார் என்றே நினைத்தேன். திரும்பி வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே, "சாப்பிட்டியா?" என்றார். இல்லை என்றேன். "எனக்கும் போடு" என்றார். மற்றதைப் பேசுவோம், இப்போது இல்லை.

ராத்திரி விளக்கை அணைப்பதற்கு முன்னால் பெரியவன் பையை எடுத்தேன். பட்டன் முறைத்தது. ஏழில் ஒரு ரன்னரை அதில் மாட்டினேன். ஐந்து நிமிஷ வேலை, தம்பி. திறந்து மூடிப் பார்த்தேன். ஒழுங்காக ஓடுகிறது. இந்த ஐந்து நிமிஷம் எனக்கு அவன் இருந்தபோது கிடைக்கவில்லை. பையை மறுபடியும் பட்டனிடமே போட்டுவிட்டேன்.

இன்று காலை காப்பகத்துக்குப் போய், வைத்துக்கொள்கிறோம் என்று எழுதிக் கொடுத்தேன். மாற்றுப் பொறுப்பாளர் நேரில் வந்து கையெழுத்துப் போடுவார் என்றேன். மேடம் மாத முடிவு வரை விட்டுக்கொடுத்தார். சின்னவள் இப்போது ‘நில்’ சொல்லிக்கொடுக்கிறாள். பட்டனுக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. தெரு ஓரத்தில் நிற்கச் சொன்னால் உடம்பெல்லாம் நடுங்கி நிற்கிறது, ஆனால் நிற்கிறது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, நான் போய்க் கழுத்துப் பட்டையைப் பிடித்துக் கூட்டிவருகிறேன். இன்னும் அதைக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

மாடி அறையைப் பெருக்கி வைத்திருக்கிறேன். கண்ணில் படாமல் இருக்கிற வேலையெல்லாம் வேண்டாம்.

ரயில் ஏறியதும் வீட்டுக்குப் போன் பண்ணு. சின்னவளிடம் எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நான் எடுக்கிறேன்.

அக்கா